டிராகனுக்கு நகம் கட்டியவள்

பல் டாக்டரை எல்லோருக்கும் தெரியும். அவர் வாயில் மாட்டிவிடும் பல்லை யார் செய்கிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்த ஊரில் அதைச் செய்தவள் பல்லம்மா. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இல்லாமலில்லை. அது அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. தெருவுக்கும் டாக்டர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் அவள் பல்லம்மாதான்.

அவளுடைய கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தார். கீழே அவருடைய அலுவலகம், மாடியில் இவளுடைய பட்டறை. ஜன்னலை ஒட்டி நீளமான மேசை. அதன்மேல் பீங்கான் பொடி டப்பாக்கள், ஊசிமுனைத் தூரிகைகள், ஒரு ஸ்பிரிட் விளக்கு, தலையணையை நிமிர்த்தி வைத்ததுபோல ஒரு சின்ன மின்சார உலை. சுவர்ப் பலகைகளில் ஊராரின் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக உட்கார்ந்து இளித்துக்கொண்டிருக்கும். கார் ஓட்டப் பயந்து அழுகிறவர்களைக் கணவர் மாடிக்கு அனுப்பிவைப்பார். அந்தத் தாடைகளைப் பார்த்துவிட்டு வந்தால் தெருவில் ஓடும் லாரி அவ்வளவு பயங்கரமாகத் தெரியாது என்பது அவருடைய அனுபவம்.

பல் செய்கிறவளுக்கு வெள்ளை என்பது ஒரு நிறமல்ல, ஒரு பெரிய குடும்பம். காபி குடிப்பவரின் வெள்ளை வேறு, வெற்றிலையை விட்டுவிட்டதாகப் பொய் சொல்பவரின் வெள்ளை வேறு. பக்கத்துப் பல்லோடு கலந்து நிற்கும்படி ஒரு வெள்ளையைக் கொண்டுவருவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். அப்படிப்பட்டவள் ஒருநாள் தாடைகளை அடுக்க ஓர் இரும்பு அலமாரி தேடிப் போனாள். இடிக்கப்போகும் பழைய விடுதி ஒன்றில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அலமாரி கிடைத்தது. அதன் அடித்தட்டில் செய்தித்தாளில் சுற்றிய கிண்ணம் ஒன்றும் கூடவே வந்தது.

உள்ளங்கையில் அடங்கும் கிண்ணம். வெளிப்புறம் சிவப்பு வௌவால்கள் மேகத்துக்குள் புகுந்து புகுந்து பறந்தன. பல்லம்மா வௌவாலைப் பார்க்கவில்லை. கிண்ணத்தின் உட்புறத்து வெள்ளையைப் பார்த்தாள். பல வருடங்களாக உலையில் வைத்து வைத்து அவள் தவறவிட்ட வெள்ளை அங்கே எந்த அலட்டலும் இல்லாமல் இருந்தது. விடுதியின் தூசித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா, மயக்கமா?" என்றார் கணவர்.

"யாருங்க இதைச் செஞ்சது?"

"எனக்கு எப்படித் தெரியும்? இப்ப அலமாரிய வண்டியில ஏத்தணும், அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அன்றைக்குப் பிடித்தது அந்தக் கிறுக்கு. நூலகத்தில் இருந்த புத்தகங்களை எல்லாம் வாரிக்கொண்டு வந்தாள். சீனத்துச் சக்கரவர்த்திகளுக்கென்றே தனிச் சூளைகள் இருந்தன என்றும், கொஞ்சம் கோணலாக வந்த பாத்திரத்தை அங்கேயே உடைத்துப் புதைத்துவிடுவார்கள் என்றும் படித்தபோது, தான் உடைத்துப் போட்ட பற்களை எண்ணி அவளுக்கு ஒரு ராஜ மிதப்பு வந்துவிட்டது. அவர்கள் பாஷையில் வௌவாலுக்கும் பாக்கியத்துக்கும் உச்சரிப்பு ஒன்றுதானாம்; அதனால்தான் பாத்திரமெல்லாம் வௌவால். தாமரை, பீச்சுப்பழம், அலை, மேகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அர்த்தம். எல்லாவற்றுக்கும் மேலே டிராகன். ஐந்து நகம் உள்ள டிராகன் சக்கரவர்த்திக்கு, நான்கு நகம் உள்ளது அவருக்குக் கீழே உள்ளவர்களுக்கு. மஞ்சள் நிறத்தை மற்றவர்கள் தொடவே கூடாது.

படித்ததெல்லாம் சரிதான். வாங்குவதில்தான் சறுக்கினாள். அடிப்பாகத்தில் நீல எழுத்துகள் போட்ட ஒரு குடுவையைப் பெரும் போட்டிக்குப் பிறகு ஏலத்தில் எடுத்துவிட்டு, சக்கரவர்த்தியின் ஆட்சி முத்திரை அது என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் கவிழ்த்துக் காட்டினாள். கடைத்தெருவில் செருப்பு விற்பவரின் குடும்பம் சீனாவிலிருந்து வந்தது. ஒருநாள் குடுவையை அவரிடம் எடுத்துப் போனாள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிதானமாகப் படித்தார்.

"எந்த ராஜா?" என்றாள் பல்லம்மா.

"ராஜா இல்லைங்க. 'பாத்திரம் கழுவுற மெஷின்ல போடலாம்'னு எழுதியிருக்கு."

வேறு யாராக இருந்தாலும் அந்தக் குடுவை அன்றே பரணுக்குப் போயிருக்கும். பல்லம்மா கடை வாசலிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டுக்கு வந்து அதை அலமாரியின் நடுத்தட்டில் வைத்தாள். பார்க்க வருபவர்களிடம், "இது மெஷின் வம்சம். கடைசி ராஜாவுக்கும் அப்புறம்" என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொல்வாள். பாதிப் பேர் பயபக்தியோடு தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

இப்படித் தனியாகக் கிறுக்குப் பிடித்துத் திரிந்தவளுக்குத் துணைக்கு இன்னொரு கிறுக்கை மகள் கொண்டுவந்து சேர்த்தாள். மகள் விரும்பிய பையனின் அப்பா, குளியலறைச் சாமான்கள் விற்பவர். ஊரில் முக்கால்வாசி வாஷ்பேசின்கள் அவர் கடையிலிருந்து போனவை. பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். கல்யாணம் பேச வந்த அன்று, நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் நேரே அலமாரிக்குப் போய் வௌவால் கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். பெண்ணின் அப்பா அம்மா இருவரையும் அதன்பிறகுதான் கும்பிட்டார்.

"உங்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டா?" என்றாள் பல்லம்மா.

"ரத்தத்துலயே ஓடுதும்மா. மூணு தலைமுறையா பீங்கான் வியாபாரம்."

"கக்கூஸ் பீங்கானா?"

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். மீசைக்காரர் ஒரு கணம் யோசித்தார். பிறகு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "அதுவும் பீங்கான்தானே. உலையில வெந்து வந்ததுதானே. நீங்க வாயில வைக்கிறீங்க, நான் வேற இடத்துல வைக்கிறேன்."

கல்யாணப் பேச்சு சீக்கிரம் முடிந்தது. மற்ற நேரமெல்லாம் மெருகைப் பற்றியும் சூளைச் சூட்டைப் பற்றியும்தான் பேசினார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு மூலையில் கைகட்டி நின்றார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு இருவருக்கும் இடையே ஒரு போர் தொடங்கியது. சம்பந்திகள் ஆயிற்றே, சத்தம் போட முடியாது. அதனால் அது முழுக்க முழுக்க மரியாதைப் போராக நடந்தது. "வாங்க சம்பந்தி", "சொல்லுங்க சம்பந்தியம்மா" என்று தேன் ஒழுகப் பேசிக்கொண்டே ஒருவர் காலை ஒருவர் வாரினார்கள். ஒரு வீட்டுச் சாமான் ஏலத்தில் இருவரும் ஒரே தேநீர்க் குடுவையின்மேல் கண் வைத்தார்கள். ஏலத்துக்கு முன்னால் சாமான்களைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். பல்லம்மா தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, எச்சில் தொட்டு, குடுவையின் உட்புறம் வளைத்து ஒட்டிவிட்டு நகர்ந்தாள். சம்பந்தி வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். மயிரிழை விரிசல் என்று உதட்டைப் பிதுக்கினார். ஏலத்தில் கையே தூக்கவில்லை. அடுத்த வாரம் அவர் வந்தபோது பல்லம்மா அதே குடுவையிலிருந்து அவருக்குத் தேநீர் ஊற்றினாள்.

"விரிசல் என்ன ஆச்சு, சம்பந்தியம்மா?"

"தலை வாரிட்டேன், சம்பந்தி."

பதிலுக்கு அவர் ஒரு வாஷ்பேசினைப் பரிசாக அனுப்பினார். அதில் டிராகன் ஒன்று பெயின்ட் அடித்திருந்தது. தண்ணீர் போகும் துளை சரியாக அதன் வாயில் இருந்தது. பல்லம்மா அதைப் பட்டறையில் பொருத்தித் தினமும் அதன் வாயில்தான் பிளாஸ்டர் கையைக் கழுவினாள்.

இந்த நிலையில்தான் சம்பந்தி அந்த மஞ்சள் தட்டை வாங்கினார். எங்கிருந்தோ கப்பலில் வந்தது. இரண்டு கைகளாலும் ஏந்த வேண்டிய அகலம். முட்டையின் மஞ்சள் போன்ற தரையில் இரண்டு பச்சை டிராகன்கள், ஒன்று மேலே, ஒன்று கீழே. மேகங்களுக்கு நடுவே தீப்பிடித்த முத்து ஒன்றைத் துரத்திக்கொண்டிருந்தன. வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டி செய்து, தட்டை நிமிர்த்தி வைத்து, மேலே இரண்டு பெரிய பல்புகளைப் போட்டுக் குடும்பத்தையே அழைத்தார் சம்பந்தி.

"ரெண்டும் எதிரெதிரா வருது," என்றார் பல்லம்மாவின் கணவர். "ஒண்ணாவது இண்டிகேட்டர் போட்டிருக்கலாம்."

சம்பந்தி அதைக் காதில் வாங்கவில்லை. "நகத்தைப் பாருங்க. அஞ்சு. அஞ்சு நகம் யாருக்கு? சக்கரவர்த்திக்கு. இந்த ஊர்ல யார் வீட்டுலயாவது உண்டா?"

பல்லம்மாவுக்கு உள்ளே எரிந்தது. தட்டு அப்படி இருந்தது. அந்த மஞ்சளைப் பார்க்கப் பார்க்க அவளுடைய வௌவால் கிண்ணம் வீட்டில் இருந்தபடியே சின்னதாகிக்கொண்டு போனது. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் இடுக்கும் லென்ஸை எடுத்து மாட்டினாள். ஒவ்வொரு பாதமாக எண்ணினாள். மேல் டிராகனின் முன்காலில் வந்து நின்றாள். திரும்பவும் எண்ணினாள்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க சம்பந்தியம்மா."

"இந்தக் கையில நாலுதான் இருக்கு."

சம்பந்தி எண்ணினார். மாப்பிள்ளை எண்ணினான். ஐந்தாவது நகம் இருக்க வேண்டிய இடத்தில் லேசான ஒரு சொரசொரப்பு மட்டும் இருந்தது.

"மத்ததுல எல்லாம் அஞ்சு இருக்கே," என்றார் சம்பந்தி. குரல் பாதியாகக் குறைந்திருந்தது.

"இருக்கு, இருக்கு. ஆனா ராஜாவோட ஆளு ஒரு நகம் விட்டுட்டு வரைவானா? தலை போயிடுமே. எதுக்கும் அடியில 'மெஷின்ல போடலாம்'னு இருக்கான்னு ஒரு தடவ பாத்துடுங்க."

திரும்பும் வழியெல்லாம் அவள் குஷியாக இருந்தாள். அந்தக் குஷி சில நாள்தான் தாங்கியது. ஒரு காலை வேளையில் சம்பந்தி பட்டறைப் படியேறி வந்தார், தனியாக, குளிக்கும் துண்டில் சுற்றிய மூட்டையைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு. தாடைகளைப் பார்த்து ஒரு தடவை எச்சில் விழுங்கினார்.

"அருங்காட்சியகத்துலேர்ந்து ஒரு அம்மா வர்றாங்க, தட்டைப் பாக்க. கண்காட்சி வைக்கப் போறாங்களாம்."

"நல்ல சேதிதானே."

"ஒரு நகம் வைக்கணும், சம்பந்தியம்மா."

பல்லம்மா தூரிகையைக் கீழே வைத்தாள். "எதுக்கு?"

"டிராகனுக்கு. உங்ககிட்ட உலை இருக்கு, கை இருக்கு. ஊர்ல அத்தனை பேருக்கும் இல்லாத பல்லை வைக்கிறீங்க. எனக்கு ஒரே ஒரு நகம்."

சிரிப்பு தொண்டை வரை வந்தது. அதை அடக்கிக்கொண்டு அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள். தட்டை உலையில் வைத்தால் வெடித்துவிடும், பழைய பொருளில் பெயின்ட் அடிக்கவும் கூடாது என்று எடுத்துச் சொன்னாள். அவர் முகம் தொங்கிப்போயிற்று. அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அது நல்லெண்ணத்தில் வந்ததா, குறும்பில் வந்ததா என்று கேட்டால் அவளாலேயே பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

"கழட்டி மாட்டுற மாதிரி செஞ்சு தரட்டுமா? பல்செட்டு மாதிரி?"

"நகசெட்டா?"

"நகசெட்டு."

தட்டை வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். அவர் மனமில்லாமல் போனார், படியில் இரண்டு முறை திரும்பிப் பார்த்தபடி. மெல்லிய தகட்டின்மேல் பீங்கான் பொடியைக் குழைத்துத் தூரிகை நுனியால் ஒரு நகத்தைக் கட்டினாள், அரிசி அளவுக்கு. பச்சை நிறம்தான் படாத பாடு படுத்தியது. பல்லுக்குப் பச்சை யாரும் கேட்பதில்லை. நீலத்தையும் மஞ்சளையும் கலந்து சுட்டால் முதலில் வந்தது பாசி, அடுத்தது ஆஸ்பத்திரிச் சுவர். கடைசியில் டிராகனின் பச்சை அப்படியே வந்தபோது, தான் செய்த எந்தப் பல்லுக்கும் வராத சந்தோஷம் அவளுக்கு வந்தது. கணவரைக் கூப்பிட்டு, எது புதுசு என்று கண்டுபிடிக்கச் சொன்னாள். அவர் வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு முத்தைக் காட்டினார்.

ஒட்டுவதற்குப் பசை வேண்டாம், மெழுகு போதும், பிறகு சுலபமாக எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தாள். பலகையில் இரண்டு மெழுகு இருந்தன. ஒன்று கெட்டி, கோடை வெயிலிலும் அசையாது. மற்றது இளகு மெழுகு, கொஞ்சம் சூடு பட்டால் போதும். சம்பந்தி வீட்டுப் பெட்டிக்குள் எரியும் இரண்டு பல்புகள் அவள் நினைவுக்கு வந்தன. கை இளகு மெழுகை எடுத்தது. கை எடுத்தது என்றுதான் பிறகு கணவரிடம் சொன்னாள். "கை உன்னோடதுதானே?" என்றார் அவர்.

சம்பந்தி வந்து பார்த்தார். நகங்களை எண்ணினார், ஐந்து வந்ததும் மீசை துடித்தது. தட்டை எடுத்துக்கொண்டு மெதுவாகப் படி இறங்கினார்.

அருங்காட்சியக அம்மா வருவதாக இருந்த நாளுக்கு முன்தினம் மகள் வந்தாள். பேச்சு எங்கெங்கோ போய்த் தட்டில் வந்து நின்றது.

"நகம் வந்ததுலேர்ந்து மாமா பச்சக் குழந்தை மாதிரி இருக்காரும்மா. தெனமும் காலையில தட்டுக்கு முன்னாடி உக்காந்து பேசுறார்."

"தட்டுகிட்டயா?"

"கடையில என்ன வித்துச்சு, யாரு வந்தாங்க, எல்லாம். அத்தைகிட்ட அப்படித்தான் பேசுவாராம். அத்தை போனதுக்கு அப்புறம் பேச ஆளில்லைன்னுதான் இந்தச் சாமானெல்லாம் வாங்க ஆரம்பிச்சாராம். அவரோட புள்ளைக்கே இப்பத்தான் தெரியும்."

பல் கட்டுகிறவளுக்கே வாய் கட்டிப்போயிற்று. மகள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, நீ ஏதாவது பண்ணி வச்சிருக்கியா?" என்றாள்.

"நானா? நான் என்ன பண்ணப்போறேன்?"

மறுநாள் கெட்டி மெழுகைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் சம்பந்தி வீட்டுக்குப் போனாள். பெட்டி பூட்டியிருந்தது. சாவி அவர் இடுப்பில் இருந்தது. விசேஷ நாளில் மட்டும் போடும் பல்புகள் ஜகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தன.

"ஒரு தடவ தொறங்க, சம்பந்தி. நகத்தைச் சரிபாத்துடறேன்."

"எல்லாம் சரியா இருக்கு. நீங்க வச்சதாச்சே."

"விளக்கையாவது அணைங்க. கண்ணு கூசுது."

"கூசணும், சம்பந்தியம்மா. ராஜா முன்னாடி கூசத்தானே வேணும்?"

அதற்குள் வாசலில் மணி அடித்தது. அருங்காட்சியக அம்மா உள்ளே வந்தார். ஒல்லியானவர், நரைத்த முடியை ஆண்பிள்ளை போல வெட்டியிருந்தார், அதிகம் பேசாதவர். சம்பந்தி அவரைப் பெட்டிக்கு எதிரே உட்காரவைத்தார். கடைப் பணியாளர்கள், அக்கம்பக்கத்தார் என்று பின்னால் ஒரு கூட்டமே நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு, சூளையில் தொடங்கிச் சக்கரவர்த்தி வரை சம்பந்தி பேசினார். தட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்.

முதலில் பார்த்தது பல்லம்மாதான். மேல் டிராகனின் ஐந்தாவது நகம் லேசாகச் சாய்ந்தது. அப்புறம் அந்த இடத்தில் இல்லை. வழுவழுப்பான மஞ்சளின்மேல் நத்தையைப் போல மெதுவாக இறங்கத் தொடங்கியது. ஒரு மேகத்தின் ஓரம் கொஞ்சம் தயங்கியது. தப்பித்தோம் என்று அவள் மூச்சு விட்டாள். மேகத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி இறங்கியது.

"ஒவ்வொரு பாதத்துலயும் அஞ்சு," என்றார் சம்பந்தி. "எண்ணிப் பாத்துக்கலாம்."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். மாப்பிள்ளை கழுத்தை நீட்டினான். மகள் தட்டைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். பல்லம்மா கூரையைப் பார்த்தாள். நகம் முத்தைத் தாண்டியது. கீழ் டிராகன் மேலே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. நகம் நேராக அதன் மூக்குத் துளைக்குப் போய், அதற்குள் நுழைந்தாற்போல நின்றது.

"மூக்கு நோண்டுது," என்றார் பல்லம்மாவின் கணவர், யாரிடமும் இல்லாமல்.

அவ்வளவுதான். கடைப் பணியாளர்களில் ஒருவர் தாங்க முடியாமல் வெளியே ஓடினார். மற்றவர்கள் ஓட இடமில்லாமல் அங்கேயே சிரித்தார்கள். சம்பந்தி திரும்பினார். மேல் டிராகனின் காலைப் பார்த்தார், கீழ் டிராகனின் மூக்கைப் பார்த்தார். அவருடைய பெரிய உடம்பு சட்டைக்குள் சுருங்கியதுபோல இருந்தது. அத்தனை வருடப் போரில் பல்லம்மா ஆசைப்பட்ட வெற்றி இதுதான். கைக்கு வந்த பிறகு அதைக் கீழே வைக்கவும் இடம் தெரியவில்லை அவளுக்கு.

"நான்தான் செஞ்சேன்," என்றாள் அருங்காட்சியக அம்மாவிடம். "அவர் நகம் கேட்டார், அது நிஜம். விழற மாதிரி மெழுகு போட்டு வச்சது நான்."

அந்த அம்மா பெட்டியைத் திறக்கச் சொன்னார். சம்பந்தி சாவியை நீட்ட, மாப்பிள்ளைதான் திறந்தான். அந்த அம்மா தட்டை மடியில் வைத்து, நகத்தை விரல் நுனியால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அது முதலில் இருந்த இடத்தை லென்ஸில் பார்த்தார். தட்டைத் திருப்பினார், அடியைத் தடவினார், மறுபடி அந்த இடத்துக்கே வந்தார். கூட்டத்தில் சிரிப்பு தானாக அடங்கியது.

"இதை வரையாம விடல," என்றார். "வரைஞ்சிருக்காங்க. அப்புறம் சுரண்டியிருக்காங்க. அதுவும் ரொம்பக் காலத்துக்கு முன்னாடி. சுரண்டல் மேலயே கை பட்டுப் பட்டுத் தேஞ்சிருக்கு பாருங்க."

"எதுக்குச் சுரண்டணும்?" என்றார் சம்பந்தி.

"அஞ்சு நகத்தோட அரண்மனைய விட்டு வெளிய போகக் கூடாதுன்னு இருந்திருக்கலாம். யாருக்காவது பரிசாக் கொடுத்தப்ப ஒரு நகத்த எடுத்திருப்பாங்க. இந்த மாதிரி சிலது நான் பாத்திருக்கேன்."

"அப்ப இது நல்லதா, கெட்டதா?"

"நல்லதுங்க. போலி செய்றவன் அஞ்சும் சரியா இருக்கணும்னுதான் பாப்பான். அந்த நகம் இல்லாததுதான் எனக்குப் பிடிச்சிருக்கு."

மட்டம் தட்டப் பல்லம்மா விரல் நீட்டிக் காட்டிய குறைதான் தட்டுக்குக் கிரீடமாகியிருந்தது. அதை மறைக்கச் சொன்னவர் ஒரு முட்டாள், மறைத்துக் கொடுத்தவள் இன்னொரு முட்டாள். அவள் சம்பந்தியின் முகத்தைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த மெழுகு?" என்றார்.

"இளகு மெழுகு."

"அந்த டீக்குடுவைக்கு அப்புறமும் உங்கள நம்பினேன் பாருங்க." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதன்பிறகு அவரிடமிருந்து பேச்சில்லை. பரிசில்லை, கிண்டலில்லை. மகள் வந்து போவாள். மாமா நலம், தட்டு கண்காட்சிக்குப் போயிருக்கிறது என்பாள். அதற்கு மேல் சொல்லமாட்டாள். ஏலத்துக்குப் போனால் பல்லம்மா அரை மனதோடு கை தூக்கினாள், எதிர்த்துக் கை தூக்க ஆளில்லாமல் பொருள் அவளுக்கே விழுந்தது, அது அவளுக்குப் பிடிக்கவில்லை. "போயி மன்னிப்புக் கேட்டுடேன்," என்றார் கணவர். "ரிவர்ஸ் கியர்னு ஒண்ணு எதுக்கு வச்சிருக்கான்?"

மன்னிப்புக் கேட்கும் வாய் அவளுக்கு அமையவில்லை. வௌவால் கிண்ணத்தைப் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு கண்காட்சி நடந்த இடத்துக்குப் போனாள். அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைக்க இரவல் கொடுக்கலாம், அதை அவரே புரிந்துகொள்ளட்டும் என்பது எண்ணம். உள்ளே ஒரு மூலையில் நல்ல கூட்டம். மஞ்சள் தட்டின்முன் ஒரு பெரிய லென்ஸைப் பொருத்தியிருந்தார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று, இல்லாத நகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தட்டின் பக்கத்தில், கடையை யாரிடமோ விட்டுவிட்டு, துவைத்து இஸ்திரி போட்ட சட்டையில் சம்பந்தி நின்றுகொண்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் பழையபடி பெரிதாகியிருந்தது.

"இங்க பாருங்க, அஞ்சாவது இல்ல. வாங்கின நானும் பாக்கல, வித்தவனும் பாக்கல. இதை மொதல்ல கண்டுபிடிச்சது என் சம்பந்தியம்மா. பல்லுக் கட்டுறவங்க. அந்தக் கண்ணுக்கு எதுவும் தப்பாது."

பல்லம்மா தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டாள். அடுத்து வந்தவர்களுக்கும் அதையே சொன்னார், அதே வார்த்தைகளில். மெழுகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"யாரு அங்க, தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சிட்டுப் போறது?" என்று வாசலில் குரல் கேட்டது. வரிசையை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"கிண்ணம் கொண்டுவந்தேன், சம்பந்தி. உங்க தட்டுக்குத் துணைக்கு."

அவர் பஞ்சைப் பிரித்தார். வழக்கம்போலக் கவிழ்த்துப் பார்த்தார். "இது நல்ல கிண்ணம்," என்றார். "நான் கல்யாணம் பேச வந்த அன்னிக்கே இது மேல கண்ணு. பையன் ஜாதகத்த விட இதைத்தான் நல்லாப் பாத்தேன்."

"எனக்குத் தெரியுமே. அதனாலதான் பொண்ணக் குடுத்துட்டு, கிண்ணத்த வச்சுக்கிட்டேன்."

இருவரும் வாசற்படியிலேயே நின்று சிரித்தார்கள். மன்னிப்பு என்ற சொல் அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை. ஆனால் அன்று முதல் ஏலங்களுக்கு ஒரே காரில் போகத் தொடங்கினார்கள். பல்லம்மாவின் கணவர்தான் ஓட்டுவார். பின்சீட்டில் இருவரும் மெருகைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, சிவப்பு விளக்குகளில் நிதானமாக நிற்பார்.

போன மாதம் ஒரு பழைய வழக்கறிஞரின் வீட்டைக் காலி செய்தார்கள். கூடத்தில் சாமான்கள் கலந்து கிடந்தன. சம்பந்தி நாற்காலிகளைக் கடந்து வருவதற்குள் பல்லம்மா மூலையில் ஒரு ஜாடியைக் கண்டுவிட்டாள். மூடியோடு, பீச்சுப்பழக் கிளைகள் வரைந்தது. மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தால் அந்த வெள்ளை. சுற்றுமுற்றும் பார்த்தாள். ஜாடியைச் சுவரோரம் தள்ளி, அதற்கு முன்னால் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சேலைத் தலைப்பை அகலமாக விரித்துவிட்டுக்கொண்டாள்.

"என்ன சம்பந்தியம்மா, உக்காந்துட்டீங்க?"

"முழங்கால் வலி, சம்பந்தி. நீங்க போயிப் பாருங்க. பக்கத்து ரூம்ல நல்ல வாஷ்பேசின் ஒண்ணு இருக்கு."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இன்னொரு முக்காலியை இழுத்து, அவளுக்குப் பக்கத்திலேயே போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் முழங்கால் வலிதான்," என்றார்.